இரண்டு தாழ்ப்பாள்

ஜூன் 4

தம்பிக்கு,

வழக்கமாகப் போடுகிற அடைமொழி இன்று வேண்டாம். காலையில் நான் அள்ளியதை அள்ளிய கையால் எழுதுகிறேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போன மாதிரி இல்லை.

விடுமுறை முடிந்து இன்றுதான் பள்ளியைத் திறந்தேன். புதுப் பை, புதுச் செருப்பு, அழுகை எல்லாமாகப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். பக்கச் சந்தில், வகுப்பு ஜன்னலுக்கு நேர்கீழே, உன் பாரில் வயிற்றை நிரப்பிக்கொண்ட எவனோ அதை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆயா லீவு. நானே மணலைப் போட்டு அள்ளினேன். ஒரு குழந்தையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுதான் ஸ்கூலா மிஸ்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்குள், புதிதாகச் சேர்ந்த வாண்டு ஒன்று எதையோ சப்பிக்கொண்டு நின்றது. வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். பீர் பாட்டில் மூடி.

அப்பா இந்த வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி, முன்தெருப் பாதி எனக்கு, பின்தெருப் பாதி உனக்கு என்று பிரித்துக் கொடுத்தார். நான் மழலையர் பள்ளி வைத்தேன். நீ பார் வைத்தாய். உன் பாதி, உன் பிழைப்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடி மூடித்தான் இந்த லட்சணம். உன் புகைபோக்கி விசிறி என் வகுப்புக்குள் ஊதுகிறது. சந்துச் சுவரில் அவனவன் நின்று பெய்துவிட்டுப் போகிறான். சுவரில் நான் வரைந்து வைத்த யானைக்கு இடுப்பு வரை பெயின்ட் உரிந்துவிட்டது.

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். வாசலுக்கு வந்தால் உன் சப்ளையர், "முதலாளி தூங்குறாருங்க" என்கிறான். அதனால் இதை அப்பா எழுப்பிய சுவரில் இருக்கிற நடுக்கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

இன்னொன்று. உன் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று தெருச் சங்கம் வழக்குப் போட்டிருக்கிறது. அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊரார் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

உன்னோடு பேசக் கூடாது என்கிறார் என் வக்கீல். எழுதலாமா என்று கேட்டால் அதுவும் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை.

அந்த வாந்தி என் கடை வாந்திதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? சில்லறை மதுக்கடையில் பாட்டில் வாங்கி, சந்தில் நின்று கவிழ்த்துக்கொள்கிறவன் என் ஆள் இல்லை. அருவருப்பு உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. கடையை மூடிய பிறகு மேஜைக்கு அடியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று எழுதினால் உனக்குச் சாப்பாடு இறங்காது. என் சட்டையை என் மனைவி தனி வாளியில்தான் துவைக்கிறாள்.

ஆனால் சட்டம் என் பக்கம். பள்ளிக்குப் பக்கத்தில் பார் கூடாதுதான், ஆனால் அந்தத் தூரத்தைப் பள்ளி வாசலுக்கும் பார் வாசலுக்கும் நடுவே ஆள் நடந்து போகிற வழியாகத்தான் அளக்க வேண்டும். நாம் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தாலும், தெருமுனை சுற்றி வந்தால் தூரம் தாராளம். அப்படித்தான் லைசென்ஸ் வாங்கினேன். கலால் அதிகாரி வந்து அளந்தார். அளந்துவிட்டு உட்கார்ந்து குடித்தார். போகும்போது ஒரு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அந்த ஈரக் கக்கத்தை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

சிக்கல் நடுக்கதவுதான். அது திறக்கும் என்று தெரிந்தால், நடக்கிற வழி ஒரே எட்டாகிவிடும். அப்பா காலத்திலேயே அந்தக் கதவை நிரந்தரமாக மூடிவிட்டோம் என்று வக்கீல் பிரமாணப் பத்திரம் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து கேட்டால் நீயும் அதையே சொல். உன்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. லைசென்ஸ் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. உனக்கும் தெரியும்.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

நிரந்தரமாக மூடிய கதவுக்கு அடியில் உன் கடிதம் வந்து சேர்ந்தது.

அதற்குச் சற்று நேரம் கழித்து அதே நிரந்தரமாக மூடிய கதவு வழியாக உன் மகள் வந்தாள். பையை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கச் சடை அவிழ்ந்து, வழக்கம்போல "அத்தை, வாலு வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு. தலையைக் கோதிவிட்டால் கை முழுக்கச் சிகரெட் நாற்றம். எண் பாட்டுப் பாடச் சொன்னேன். உன் ஸ்பீக்கரில் அலறுகிற பாட்டு ஒன்றை, அதிலுள்ள கெட்ட வார்த்தையோடு, இடுப்பை ஆட்டிப் பாடினாள். மற்ற பிள்ளைகள் கைதட்டின. அவளைத் திட்டவா, உன்னைத் திட்டவா?

அந்தக் கதவுக்கு அப்பா இரண்டு தாழ்ப்பாள் போட்டார். உன் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. "ரெண்டு பேரும் மனசு வெச்சாத்தான் தொறக்கும்" என்றார். சொத்தைப் பிரித்தபோது நாம் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு வைத்த ஏற்பாடு. தினமும் காலையில் நீயும் நானும் மனசு வைக்கிறோம். மத்தியானம் அவள் இங்கிருந்து மூன்று தட்டு தட்டினால், "வர்றேன்டா கண்ணு" என்று நீ திறக்கிறாய். அதை மூடியாகிவிட்டது என்று சத்தியம் செய்திருக்கிறாய். பொய் சொல்ல உனக்கு வேறு கதவு கிடைக்கவில்லையா?

சங்கத்துக்காரர்களை நான் ஒன்றும் மெச்சவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை உன் கடை வாசலில் பார்த்திருக்கிறேன். சங்கச் செயலாளர், எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் திரிகிற அந்த வக்கீல், குழந்தைகள் நலன் என்று பேசும்போது வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டிருந்தார். எதை மறைக்க என்று எனக்குத் தெரியாதா? காசு வாங்காமல் வாதாடுகிறேன் என்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

உன் பொய்க்கு என்னைச் சாட்சி கூப்பிடாதே.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

இதை வாலுவின் பையில் வைத்து அனுப்புகிறேன். கதவுக்கு அடியில் இனிமேல் எதுவும் போகாது. கொத்தனாரைக் கூப்பிட்டு என் பக்கத்தை ஒற்றைச் செங்கலில் அடைத்துவிட்டேன். மேலே பூச்சு, அதற்கு மேல் நிலைக்கண்ணாடி. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டேன், போதுமா?

குழந்தை இப்போது தெரு சுற்றித்தான் வருகிறாள். சாக்கடை மூடி உடைந்த இடத்தில் தூக்கிக் கடத்த வேண்டியிருக்கிறது. மத்தியானம் அவள் இன்னமும் உன் பக்கத்திலிருந்து கதவைத் தட்டுகிறாள். நானும் இந்தப் பக்கத்திலிருந்து "வர்றேன்டா கண்ணு" என்கிறேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு முனை சுற்றி வருகிறேன். உன் வாசலில் நிற்கிறேன். நீயும் உள்ளே கூப்பிடுவதில்லை, நானும் வருவதில்லை.

ஒன்று கேள். இந்த வட்டாரத்துக்கு ஒரு பார் லைசென்ஸ்தான் உண்டு. பின்தெருவில் என் கட்டடத்துக்கு அடுத்து நிற்கிறதே பெரிய ஹோட்டல், அவர்கள் மொட்டை மாடியில் மேடையும் விளக்கும் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்னுடையது போனால் அவர்களுக்குக் கிடைக்கும். வெள்ளைச் சட்டை யாருக்காகக் காசு வாங்காமல் வாதாடுகிறான் என்று யோசி. உன்னைப் பகடைக்காயாக வைத்து விளையாடுகிறார்கள். இது தெரியாமல் நீ அவனுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்கிறாய்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நேற்று நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் உன் பக்கம் இருந்தார். அவருடைய குமாஸ்தா அளக்கிற டேப்போடு என் பக்கம் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் பை மாட்டுகிற கொக்கிகளுக்கு நடுவே அந்தக் கதவைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், ஹோட்டல் பற்றி நீ எழுதியது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. நம்பவும் இல்லை, தள்ளவும் முடியவில்லை. "பழைய கதவு" என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வாயில் ஏதோ ஊசிப்போனதை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

அப்போது பள்ளி மணி அடித்தது. உன் மகள் எழுந்தாள், பையை எடுத்தாள், எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போய்க் கதவை மூன்று தட்டு தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நீ, தெளிவாக, "வர்றேன்டா கண்ணு" என்றாய்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சுவர் வழியாகவே ஆணையரின் குரல் கேட்டது: "அந்தப் புள்ள எப்படி வீட்டுக்குப் போவும்னு கேளுங்க." குமாஸ்தா குனிந்து கேட்டார். அவள் சொன்னாள்: "இது வழியாத்தான் தாத்தா. இப்ப அப்பா செங்கல் வெச்சிட்டாரு. கோர்ட்டு மாமா போனதும் எடுத்துருவாராம்."

அது நீ சொல்லிக் கொடுத்ததா, அவளே கட்டிக்கொண்டதா தெரியாது. அவள் வாயை நான் பொத்தவில்லை. பொத்தியிருக்கவும் மாட்டேன்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நான் எங்கே நின்றிருந்தேன் என்று தெரியுமா? அந்தக் கண்ணாடிக்கு முன்னால், ஆணையருக்குப் பக்கத்தில். "இங்கே கதவே இல்லை ஐயா, வெறும் சுவர்" என்று அப்போதுதான் சொல்லி முடித்தேன். தட்டுகிற சத்தம் கேட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை வேறு தாழ்ப்பாளைத் தேடிக் கண்ணாடி மேல் போனது. கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

"எங்க வர்றீங்க?" என்று கேட்டார் ஆணையர். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

செங்கலை எடுத்துவிடுவேன் என்று அவளிடம் நான்தான் சொன்னேன். அழுதாள், சொன்னேன்.

நீ வாயைத் திறந்து "வழியே இல்லை" என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், குழந்தை விளையாட்டு என்று போயிருக்கும். பழைய கதவாம். உனக்கு உன் நாக்குச் சுத்தமாக இருக்க வேண்டும், என் குடும்பம் எக்கேடு கெட்டாலும் சரி. வாலுவை நாளை முதல் அனுப்பமாட்டோம். வேறு பள்ளி பார்த்தாகிவிட்டது. அவளுடைய தட்டும் டம்ளரும் அங்கே இருக்கின்றன. நீயே வைத்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

கொடுத்தனுப்ப ஆள் இல்லை. நடுவே ஒரு சுவர்தான், ஆனாலும் தபாலில் போடுகிறேன்.

தீர்ப்பு வந்து உன் லைசென்ஸ் போன மறுவாரமே ஹோட்டலுக்குக் கிடைத்துவிட்டது. நீ சொன்னது சரி. வெள்ளைச் சட்டை நேற்று வந்தார். நாற்காலி போடவில்லை. அவராகவே பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, "சந்துச் சுவருக்கு ஹோட்டல் செலவுல பெயின்ட் அடிச்சுத் தர்றோம் டீச்சர், ஒரு ஓரமா எங்க பேரு மட்டும் வரும்" என்றார். குழந்தைகள் நலன் என்னாயிற்று என்று கேட்டேன். "அது அந்தக் கேஸு. இது வேற" என்றார். புதினா மணம் இப்போது இல்லை. மறைக்கத் தேவையில்லை போலிருக்கிறது. எழுந்து வெளியே போகச் சொன்னேன். நாற்காலி பின்னோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் சிரித்தன, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது மொட்டை மாடியிலிருந்து என் முற்றத்தில் விழாதது இல்லை. கடித்துப் போட்ட எலும்பு, டிஷ்யூ, நேற்று ஒரு பல்செட். சத்தியமாகப் பல்செட். குறடால் பிடித்துத் தூக்கிப் போட்டேன். ஏழு பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் நான் பூட்டிவிட வேண்டியதுதான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆயா சொன்ன சேதிதான் தொண்டையை விட்டு இறங்கவில்லை. உன் பாதியை ஹோட்டலுக்கே சரக்கு வைக்கிற கிடங்காக வாடகைக்கு விட்டுவிட்டாயாம். அந்தக் கிடங்குக்கே சாவி வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு நிற்கிறாயாம். உன் தொழிலைப் பிடுங்கியவன் கொடுக்கிற சீருடையைப் போட்டுக்கொள்ள உனக்குக் கூசவில்லையா? தூவென்று துப்பலாம். துப்பினால் என் வீட்டுச் சுவரில்தான் விழும்.

வாலு எப்படி இருக்கிறாள்? அவளுடைய டம்ளரை யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

கூசத்தான் செய்தது. சீருடைக்குக் கழுத்துப் பட்டை வேறு. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வரும்போது கூச்சத்தைக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஏதோ திட்டம் வைத்துக்கொண்டு போனேன் என்று நினைக்காதே. பிழைக்கத்தான் போனேன்.

லைசென்ஸ் கிடைத்ததற்கு மொட்டை மாடியில் வைத்த விருந்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். கலால் அதிகாரி, சங்கத்தார், வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "குழந்தைகள் நலனுக்காக" என்றான். மொத்த மாடியும் சிரித்தது. சிரித்து முடித்து அந்த கிளாஸை உன் முற்றத்துப் பக்கமாக வீசினான். கொஞ்ச நேரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு என் ஷூ மேலேயே வாந்தி எடுத்தான். "தொடைச்சு விடுப்பா" என்றான். என்னை யாரென்றுகூட அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் மணல் போட்டு அள்ளினேன், அக்கா. அள்ளும்போது ஜூன் மாதம் நீ எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. யார் கடை வாந்தி என்று உன்னிடம் கேட்டேனே.

மறுநாள் கிடங்கில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் லைசென்ஸில், உரிமம் பெற்ற இடம் என்று என் பாதியையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சரக்கு இருக்கிற இடமும் பார்தான் என்பது சட்டம். அதன் வாசலையும் அளந்தாக வேண்டும். இதை எழுதியதும் வெள்ளைச் சட்டைதான். அவசரத்தில் நடுக்கதவை மறந்துவிட்டான். இந்தச் சுவர் பொய், இங்கே வழி இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து உத்தரவு வாங்கியவனும் அவனேதான். இனி இல்லை என்று எப்படிச் சொல்வான்? கதவு திறக்கும் என்று தெரிந்தால் அவர்கள் லைசென்ஸும் போகும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். இன்று செங்கலையும் எடுத்துவிட்டேன். கட்டடம் என் பெயரில் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். வேலை போகும். போகட்டும். என் தாழ்ப்பாள் திறந்திருக்கிறது. நீ உன்னுடையதைத் திறந்து, ஆணையரை மறுபடி அனுப்பச் சொல்லி நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதிப் போடு. இதை அடியிலேயே தள்ளுகிறேன்.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

காலையில் பிள்ளைகளின் செருப்புக்கு நடுவே உன் கடிதம் கிடந்தது. ஒரு நிமிடம் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழக்குக்காக அந்தக் கதவைத் திறக்கமாட்டேன். உனக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் அது சுவர், அவர்களுக்கு வேண்டுமென்றால் அது வழி, இப்போது அவர்களைக் கவிழ்க்க வேண்டுமென்றால் மறுபடியும் கதவு. என் வாயால் அதைக் கதவு என்று சொல்லவே கசக்கிறது. நான் சொன்ன "பழைய கதவு" மட்டும் யோக்கியமா என்ன?

வாலுவைத் திங்கட்கிழமை காலையில் மறுபடி இங்கேயே அனுப்பு. கதவைத் தட்டினால் திறப்பேன். மத்தியானம் அவள் இங்கிருந்து தட்டினால் நீ திற. தினமும் அப்படித்தான். ஒளித்துச் செய்யப்போவதில்லை. நீதிமன்றத்துக்கு மனுவும் எழுதுகிறேன். இந்தத் தடவை "பழைய" என்று போடமாட்டேன், "தினமும் திறக்கிற கதவு" என்று போடுவேன். ஆணையர் எப்போது வந்தாலும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குழந்தை காலை வைக்கிற இடம் அது. உன் பக்கத் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவி வை. ஆள் வைத்துக் கழுவாதே. நீயே கழுவு.

அக்கா